வையை ஏன் அழுதாள்? அணிகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): ஐயா, உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: 'மலரடி' என்றால் மலர் போன்ற அடி, உவமை. 'அடிமலர்' என்று மாற்றிப் போட்டால் அடியே மலர், உருவகம்.

கேள்வி: வஞ்சப்புகழ்ச்சிக்கு, அதாவது புகழ்வது போல் இகழ்வதற்கு, எல்லா கைடிலும் 'தேவர் அனையர் கயவர்' குறள்தான் இருக்கிறது. வேறு உண்டா?

பதில்: புறநானூறு 95. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். அவன் தன் படைக்கலங்களைக் காட்டுகிறான். 'இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன' என்கிறார். திட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் 'நீ சண்டையே போட்டதில்லையே' என்பது அவனுக்கு உறைத்திருக்கும். எதிரே நிற்பவன் அரசன், வந்த வேலை போரை நிறுத்துவது. வேறு எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் சொல்கிறேன்: அணியின் பெயரைத் தேடும் முன், யார் யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி: நாடக முரண் என்றால் என்ன?

பதில்: பார்ப்பவருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பது. சொபக்ளிஸின் நாடகத்தில் பழைய மன்னனைக் கொன்றவனைச் சபிக்கிறான் ஈடிபஸ். கொன்றவனே அவன்தான். ஏதென்ஸ் மக்களுக்கு அந்தக் கதை முன்பே தெரியும்.

நம்மிடம் சிலப்பதிகாரம், புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் வையைக் கரைக்கு வருகிறார்கள். 'தையற்கு உறுவது தானறிந்தனள் போல்', அதாவது கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள் போல, பூவாடை போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள் வையை. இவர்களோ 'புனல்யாறு அன்றிது பூம்புனல் யாறு' என்று வியந்து தொழுகிறார்கள். ஆறு அழுகிறது, அழுகையை மூடிய பூவைப் பார்த்து இவர்கள் மகிழ்கிறார்கள். அக்கரை போனால் மதுரையின் மதிற்கொடிகள் 'வாரல்' (வராதே) என்று கைகாட்டுகின்றன. அதையும் கவனிக்காமல் நடக்கிறார்கள்.

கேள்வி (தமிழாசிரியர் ஒருவர்): கொடி அசைந்தது தற்குறிப்பேற்ற அணி. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன். மேடையே இல்லாத காப்பியத்துக்கு நாடக முரண் எதற்கு?

பதில்: தற்குறிப்பேற்றம்தான், மறுக்கவில்லை. காற்றில் இயல்பாக ஆடிய கொடிமேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றினார். அது அந்த வரியில் நடப்பது. முரண் கதையில் நடப்பது. வரி ஒன்று, வேலை இரண்டு.

கேள்வி (அதே ஆசிரியர்): முதல் முறை படிப்பவனுக்கு முடிவு தெரியாதே. அப்போது முரண் எங்கே?

பதில்: நல்ல கேள்வி. காப்பியத்தின் முன்னுரையான பதிகத்தைப் புரட்டிப் பாருங்கள். ஊழ்வினை, கோவலன் கொலை, மதுரை எரிந்தது எல்லாம் அங்கேயே சொல்லியாகிவிட்டது. இளங்கோ முடிவை ஒளித்துவைக்கவே இல்லை. பதிகம் பிற்சேர்க்கை என்று வாதிடுவோரும் உண்டு. இருக்கட்டும், 'தையற்கு உறுவது' என்ற சொற்கள் போதும், கெட்டது வரப்போகிறது என்று படிப்பவனுக்குப் புரிய. இங்கும் அதே கேள்விதான்: கொடி கைகாட்டுவது யாருக்கு? கோவலனுக்கா, நமக்கா?

கேள்வி (அதே ஆசிரியர்): தேர்வில் 'முரண்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

பதில்: கிடைக்காது. தேர்வில் தற்குறிப்பேற்றம் என்றே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 'முகத்தாமரை' உவமையா உருவகமா?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: 'தாமரை முகம்'?

பதில்: அதே முதல் பதில். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: என் வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று பார்ப்பீர்களா?

பதில்: யாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தெருக்கூத்தில் கட்டியங்காரன் வெறும் கோமாளிதானா?

பதில்: இல்லை. வேடங்களை அறிமுகம் செய்வான், ராஜாவிடமே குறுக்குக் கேள்வி கேட்பான், அடுத்த நொடி நம் பக்கம் திரும்பி ஊர் விஷயம் பேசுவான். யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்துப் பழக அவனைவிட நல்ல ஆள் கிடையாது. ஒரு முழு இரவு உட்கார்ந்து கூத்து பாருங்கள், அப்புறம் வந்து கேளுங்கள்.