எஞ்சின் நின்ற பயிற்சியில் வயலை எட்ட முடியாமல் போவது பற்றி

வணக்கம் நண்பரே. செஸ்னா 172 சிறு விமானத்தில் எஞ்சின் பழுதுப் பயிற்சி செய்யும்போது, இறங்கத் தேர்ந்தெடுத்த வயலுக்கு முன்பே ஒவ்வொரு முறையும் விமானம் இறங்கிவிடுகிறது, எட்டாது என்று தோன்றியதும் மூக்கைத் தூக்குகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தூக்குவதுதான் காரணம். 172எஸ் ரகத்துக்கு முழு எடையில் சிறந்த சறுக்கு வேகம், அதாவது எஞ்சின் இல்லாமல் அதிகத் தூரம் போகிற வேகம், 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்). அதற்குக் கீழே போனால் இழுவிசை கூடி இன்னும் குறைந்த தூரத்திலேயே இறங்கிவிடும். மேலும் இழுத்தால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். தரைக்குப் பக்கத்தில் அது உயிரைக் குடித்துவிடும். எட்டாது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் வேகத்தை விடாதீர்கள், கிடைக்கிற இடத்தில் நேராக இறங்குங்கள்.

அப்புறம், வயலைத் தூரத்தில் தேடுகிறீர்களோ என்று நினைக்கிறேன். காற்றில்லாத நாளில் 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கடல் மைல்தான் போகும். எதிர்காற்றில் அதுவும் குறையும். அதில் பாதித் தூரத்துக்குள் இருக்கும் வயலை எடுங்கள். அது நிச்சயம் என்று தெரியும்வரை ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடல்) தொட வேண்டாம். மிஞ்சிய உயரத்தை ஃபிளாப் போட்டோ, ஸ்லிப் (விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து இறக்குவது) செய்தோ கரைக்கலாம். இழந்த உயரம் திரும்பி வராது.

எஞ்சினை மீண்டும் இயக்க எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் கட்டுப்பாடு), மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) பார்ப்பதெல்லாம் வேகம் நிலைத்த பிறகுதான்.

அடுத்த முறை, 3,000 அடியில் வயலுக்கு நேர் மேலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும் பயிற்சியைப் பயிற்றுநரிடம் கேளுங்கள். எனக்கு அதில்தான் கண் பழகியது.