மொழிப் பாடத்திட்டம்: வெள்ளிக்கிழமைத் தள்ளுபடியை விட்டுவிடுங்கள்

ஒரு வாசகியின் கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இந்த வருடம் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே சொல்லித் தருகிறேன். ஒர்க்புக்கை எடுத்தாலே அழுகிறாள். கதை என்றால் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்பாள். ஆங்கிலம் கற்பிக்க ‘ஜென்டில் லாங்வேஜ் ஆர்ட்ஸ்’ (மென்மையான மொழிப் பாடம்) என்ற பெயரில் வரும் மூன்று பாடத்திட்டங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர் ஆன்லைனில் ஒரு தேர்வு வைத்துவிட்டு, இரண்டாம் லெவல் பேக்கேஜ் முழுவதையும் எடுக்கச் சொல்கிறார். தள்ளுபடி வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். மென்மையாகப் போனால் பின்தங்கிவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். எதை வாங்கட்டும்?

பதில்: இப்போதைக்கு எந்தப் பாடத்திட்டத்தையும் வாங்க வேண்டாம், அம்மா. வெள்ளிக்கிழமை வந்து போகட்டும். அந்தத் தள்ளுபடி அடுத்த மாதம் வேறு பெயரில் திரும்பி வரும்.

‘மென்மையானது’ என்பது யாரும் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் முத்திரை அல்ல. அச்சடிக்கிற எவரும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். அதனால் அந்தப் பெயரில் மூன்று விதமான சரக்கு வருகிறது. ஒன்று, பாடம் குறைவாகவும் ஒழுங்கான வரிசையிலும் இருப்பது. இரண்டாவது, பூவும் பறவையும் வரைந்த அட்டைக்குள் பழைய ஒர்க்புக்கே ஒளிந்திருப்பது. மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. கதையும் பாட்டும் நிறைய இருக்கும், ஆனால் வாசிக்க யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். குழந்தை படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வதை வாசிப்பு என்று பெற்றோர் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் மகளுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். வாசிப்பு என்பது இரண்டு திறமைகளின் பெருக்கல் என்று 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எழுத்துகளை ஒலியாக்கிச் சொல்லாகக் கூட்டுவது ஒன்று. காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்வது இன்னொன்று. கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கதையை நெடுநேரம் உட்கார்ந்து கேட்கும் உங்கள் மகளிடம் இரண்டாவது திறமை நன்றாகவே இருப்பதாகத் தெரிகிறது. முதலாவதைத்தான் நேரடியாகச் சொல்லித்தர வேண்டும். தினம் பத்துப் பதினைந்து நிமிடம், இந்த எழுத்துக்கு இந்த ஒலி, இவற்றைச் சேர்த்தால் இந்தச் சொல் என்று வரிசையாகப் போனால் போதும். அதில் கடுமை எதுவும் இல்லை. தெரியாத சொல்லின் முன்னால் குழந்தையைத் தவிக்க விடுவதுதான் கடுமை.

ஒர்க்புக்கைக் கண்டு ஏன் அழுகிறாள்? எழுத்தின் வடிவம், சொல்லின் ஸ்பெல்லிங், என்ன எழுதுவது என்ற யோசனை, இந்த மூன்றையும் அது ஒரே நேரத்தில் கேட்கிறது. ஏழு வயதில் பல குழந்தைகளுக்கு இது தாங்காது. மூன்றையும் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) செய்தது அதைத்தான். இன்று இந்தப் பெயரில் விற்கும் பலவும் அவரிடமிருந்து எடுத்தவையே. ஆறு வயதுவரை முறையான பாடம் வேண்டாம், சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அவர் வைத்த அளவு.

யோசனைக்குத் திருப்பிச் சொல்லுதல். ஒரு பக்கத்தை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டு, “இப்போ நீ சொல்லு” என்று கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். ஆங்கிலக் கதையைத் தமிழில் சொன்னாலும் சரிதான், புரிந்ததா என்றுதானே பார்க்கிறோம். “அந்த நரி ஓடிப்போச்சு” என்றால் அப்படியே விடுங்கள். “ஓடிப்போயிற்று” என்று திருத்தினால் அடுத்த வாக்கியம் வாயில் வராது.

கைக்கும் ஸ்பெல்லிங்குக்கும் பார்த்தெழுதுதல். அவளால் வாசிக்க முடிந்த ஒரே ஒரு வாக்கியம், அழகாக, நிதானமாக. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். டிக்டேஷன் பிறகு வரட்டும், அதுவும் எழுதப்போகும் வரியை முதலில் காட்டி, பார்த்துத் தயாராக விட்ட பிறகு. இலக்கணப் பெயர்களுக்கு இப்போது அவசரமே இல்லை. பெயர்ச்சொல்லுக்குக் கோடு போடத் தெரியாமல் எந்த ஏழு வயதுக் குழந்தையும் கெட்டுப்போனதில்லை.

ஒலிப்பாடம், திருப்பிச் சொல்லுதல், பார்த்தெழுதுதல், இந்த மூன்றில் எதற்கும் பேக்கேஜ் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஒலிகளை நல்ல வரிசையில் கற்பிக்கும் ஒரு போனிக்ஸ் புத்தகம். அதையும் மாதிரிப் பாடங்களைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். முதல் பாடத்தை மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள், அது எல்லாப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும். நடுவிலிருந்து ஒரு வாரப் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். குழந்தை வாசிக்க வேண்டிய வரிகளில் இருப்பவை ஏற்கெனவே கற்பித்த ஒலிகள்தானா என்று பாருங்கள். ஸ்பெல்லிங் சொற்கள் ஒரே ஒலி விதியில் அமைந்தவையா, அந்த வாரக் கதையிலிருந்து அள்ளிப் போட்டவையா? கதையில் ‘யானை’ வந்தது என்பதற்காக ‘எலிஃபென்ட்’ என்று எழுதச் சொல்லும் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுங்கள். அதிலிருக்கும் ‘பிஎச்’ என்ற கூட்டெழுத்தை அவள் இன்னும் கற்றிருக்கவே மாட்டாள்.

அந்த ஆன்லைன் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்பவரே வைக்கும் தேர்வு எதையாவது வாங்கச் சொல்லித்தான் முடியும். “உங்கள் குழந்தைக்கு எங்கள் புத்தகம் வேண்டாம்” என்று முடிந்த ஒன்றை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. வயதைக் கேட்டு லெவல் போடுகிறார்கள். ஏழு வயது என்றால் இரண்டு! குழந்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களா? பள்ளியில் எந்த வயதுக் கணக்குக்குப் பயந்து பிள்ளையைக் கூட்டி வந்தீர்களோ, அதே கணக்கை வேறு அட்டையில் வைத்து உங்களிடமே விற்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

லெவலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் நூறு சொற்கள் வரும் அளவுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தவறு ஐந்துக்குள் இருந்தால் தனியாக வாசிக்கலாம். பத்துவரை போனால் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். பத்துக்கு மேல் என்றால் கீழே இறங்குங்கள், அட்டையில் என்ன எண் இருந்தால் என்ன.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வீட்டுக்கல்விக் குழுக்களில் ஒரு தாயாகப் பேசிப் பரிந்துரைப்பவர்களில் சிலர் கமிஷன் வாங்குகிறார்கள். அவர் தரும் இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்குப் பங்கு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுபவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லாதவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் பிள்ளை இதை வருடம் முழுக்க முடித்தாளா?” பாதியில் நிறுத்திய புத்தகத்தைப் பாராட்டுபவர்கள் நிறையப் பேர். முழு பேக்கேஜில் பிரித்த பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா, டவுன்லோடு செய்த பிடிஎஃப்புக்குப் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ‘பொறுமையாகப் போகலாம்’ என்று நான் சொல்லமாட்டேன். சில குழந்தைகளுக்கு மென்மையான முறை போதாது. தினமும் ஒழுங்காகச் சொல்லித் தந்தும், நேற்றுப் படித்த எழுத்தின் ஒலி இன்று மறந்துபோகிறதா? ‘கேட்’ (cat), ‘ஹேட்’ (hat) இரண்டும் ஒரே ஓசையில் முடிவது காதில் படவில்லையா? ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்தும் சேர்த்துச் சொல்ல வரவில்லையா? குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிக்கச் சிரமம் இருந்ததா? இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாக இருந்தால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று தகுதியுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். ஏழு வயதில் ‘பி’யையும் (b) ‘டி’யையும் (d) திருப்பிப் போடுவது மட்டும் அதற்கு அறிகுறி ஆகாது, அது பல குழந்தைகளிடம் இருப்பதுதான். மேலே சொன்னவை சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு ஒலியையும் வெளிப்படையாக, படிப்படியாக, பலமுறை திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் முறை வேண்டும். 1930களில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் தொடங்கிய வழியில் வந்தவை இந்த முறைகள். ரிப்போர்ட் வரட்டும், பிறகு உதவி என்று காக்க வைப்பார்கள். அதற்காகக் காத்திருக்காமல் அந்த முறையில் இன்றே தொடங்குங்கள். டிஸ்லெக்சியா இல்லை என்று தெரிந்தாலும் அந்தப் பாடம் வீண்போகாது. “பூ தானாக மலரும்” என்று இந்தக் குழந்தைகளையும் காத்திருக்கச் சொல்லும் பாடத்திட்டங்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. அவை வீணாக்கிவிடும் இரண்டு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

பின்தங்குவாளோ என்று கேட்டீர்கள். இரண்டு வாரம் நான் சொன்ன மூன்றையும் செய்துவிட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். புதிதாக வந்த ஒலி எது, நூறு சொல்லில் எத்தனை தவறு, திருப்பிச் சொன்னபோது எத்தனை வாக்கியம் சொன்னாள். அழுகை குறைந்து, தவறும் குறைந்து, சொல்வது நீண்டால் அவள் போகும் வேகம் சரியானது. அழுகை நின்றும் ஒலிகள் மனதில் நிற்கவில்லை என்றால், மேலே டிஸ்லெக்சியா பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். பாடத்திட்டம் வாங்கும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

மகனுக்கு நான்கு வயதுதானே. அவனுக்கு எதுவும் வாங்காதீர்கள். அக்காவுக்கு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும், நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும்.