நிலாவெளி டபுள் கெப்பில் ஏசி காஸ் நிற்கவில்லை: பதில்

காஸ் இரண்டு தடவை நிரப்பியும் ஒரு மாதத்தில் மறுபடி சூடான காற்று வருகிறது என்கிறீர்கள், அதுவும் நிலாவெளியில் கடலோரம் நிற்கும் வாகனம். காஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. மூன்றாம் முறை நிரப்பக் காசு கொடுக்காதீர்கள்.

என் முதல் சந்தேகம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், காஸின் சூட்டை வெளியே விடும் கொன்டென்சர். அதன் மெல்லிய அலுமினியக் குழாய்களை உப்புக்காற்று அரித்து ஊசித்துளை போட்டுவிடும். டோர்ச் அடித்துப் பாருங்கள்: எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கறுப்புத் திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அங்கேதான். தெரியாவிட்டால் கராஜில் நைட்ரஜன் அடித்து, சவர்க்கார நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். காஸோடு, அதை அழுத்தி ஓடவைக்கும் கொம்பிரசருக்கான எண்ணெயும் சேர்ந்து ஓடுகிறது. கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் கொம்பிரசரே இறுகிவிடும், செலவு அங்கேதான்.

கொன்டென்சரை மாற்றினால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளையும் சேர்த்து மாற்றுங்கள். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் வெக்யூம் இழுக்க, அதாவது உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் உள்ளே அமிலமாகி அரிக்கும். காற்றில் கைவைத்துப் பார்த்து "சரி, குளிருது" என்று நிரப்ப விடாதீர்கள். பொனட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவை, தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும். டின்னில் விற்கும் கசிவடைப்பான் வேண்டவே வேண்டாம், அது வால்வையும் அடைத்துவிடும்.

வாடைக்காற்றுக் காலத்தில் இஞ்சின் ஆறிய பிறகு, கிரில் வழியாக வாரமொரு முறை நல்ல தண்ணீரை மெதுவாக அடியுங்கள். பிரஷர் வோஷைக் கிட்டப் பிடித்தால் கொன்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மழை நாளிலும் வாரத்தில் பத்து நிமிடமாவது ஏசியைப் போடுங்கள், சீல்கள் காயாது.