எந்தப் பனியைக் கேட்கிறீர்கள்?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், ஹோட்டன் கவுண்டியின் தென்பகுதியில், ஓடையோரப் பள்ளத்தில் அரை ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் எங்களுடையது தேனிப் பக்கத்துத் தோட்டக் குடும்பம். மே 20 அன்று தக்காளி, கத்தரி நாற்றுகளை நட்டேன். ஜூன் 9 இரவில் அத்தனையும் கருகிவிட்டன. ஏரிக்கரையில், ஃப்ரீடாவில் இருக்கும் நண்பர் தோட்டத்தில் அதே இரவில் ஓர் இலைகூட வாடவில்லை. போன குளிர்காலத்தில் மூன்று ஆப்பிள் கன்றுகளின் பட்டையை இடுப்பு உயரத்தில் ஏதோ கடித்து உரித்திருக்கிறது. மான்தான் என்று நினைக்கிறேன். 200 அங்குலம் பனி கொட்டும் இடத்தில் இந்தப் பாடு தேவையா? பனி எப்போதுதான் முடியும்? முருங்கை, கறிவேப்பிலை வைக்கலாமா?

பதில்: வணக்கம். பனி எப்போது முடியும் என்கிறீர்களே, எந்தப் பனி? மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் நமக்குப் பனி, ஊட்டியில் தேயிலையைக் கருக்குவதும் பனி, உங்கள் வாசலை மூடுவதும் பனி. ஒரே சொல்லில் மூன்றையும் அடக்கிவிட்டதால், உங்கள் நாற்றைக் கொன்றதன் பழியை அதில் சம்பந்தமே இல்லாத வெண்பனிமேல் போட்டுவிட்டீர்கள். ஜூன் 9 இரவில் வந்தது உறைபனி. இலைகள் வெந்நீரில் முக்கி எடுத்ததுபோல் தொய்ந்து, வெயில் ஏறியதும் கறுத்திருக்குமே? வானத்தில் மேகமும் இருந்திருக்காது, காற்றும் அசைந்திருக்காது.

அப்படிப்பட்ட இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல் பள்ளம் பார்த்து ஓடும். உங்கள் ஓடையோரம்தான் அது வந்து தேங்கும் குளம். வானிலை அறிவிப்பில் 3 டிகிரி செல்சியஸ் என்றுதான் சொல்லியிருப்பார்கள். கவுண்டி விமான நிலையம் வடக்கே மேட்டில் இருக்கிறது. அங்கே ஆள் உயரத்தில் அளப்பதற்கும் உங்கள் பள்ளத்தில் முழங்கால் உயரத்தில் நிற்கும் நாற்று உணர்வதற்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். பத்து டாலர் வெப்பமானி ஒன்றை வாங்கி நாற்றின் உயரத்திலேயே கட்டிவையுங்கள். உங்கள் நிலத்துக்கு அதுதான் வானிலை நிலையம்.

நண்பரைக் காப்பாற்றியது சுப்பீரியர் ஏரி. ஜூனிலும் அதில் கால் வைக்க முடியாத அளவுக்குக் குளிர்தான், ஆனாலும் அந்த நீர் பூஜ்யத்துக்கு மேலேதான் இருக்கிறது. அதை ஒட்டிய காற்றும் சுலபத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இலையுதிர்காலத்தில் அதே ஏரி கோடையில் சேர்த்த சூட்டை மெல்ல விடும். எனவே கரையில் செப்டம்பர் கடைசிவரை செடி நிற்கும். உங்கள் பள்ளத்தில் செப்டம்பர் தொடக்கத்திலேயே கதை முடிந்துவிடலாம். ஒரே கவுண்டிதான், ஆனால் அவருடைய நாள்காட்டி வேறு, உங்களுடையது வேறு.

வெண்பனி கொட்டுவதற்கும் காரணம் இதே ஏரிதான். கனடாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, உறையாத ஏரியின்மேல் வரும்போது சூட்டையும் ஈரத்தையும் அள்ளிக்கொள்கிறது. ஏரிக்குள் நீண்டிருக்கும் கீவினா முனையின் மேட்டில் ஏறும்போது அவ்வளவையும் இறக்கிவிடுகிறது. பக்கத்துக் கீவினா கவுண்டியில் 1978-79 குளிர்காலத்தில் 390.4 அங்குலம் விழுந்தது. நெடுஞ்சாலை 41-இல் போனால் அதைக் காட்டும் உயரமான பலகையைப் பார்க்கலாம். நீங்கள் சொல்லும் 200 அங்குலம் வடபகுதிக் கணக்கு. தெற்கே உங்களுக்குக் குறைவாகத்தான் விழும். அதுவும் பருவம் முழுவதும் விழுந்ததன் கூட்டுத்தொகை. படிந்து அமுங்கியபின் தரையில் நிற்பது மூன்று, நான்கு அடி.

அந்த மூன்று அடி, நிலத்துக்குப் போர்த்திய கம்பளி. வெளியே மைனஸ் 25 டிகிரி இருக்கும்போதும் அதன் அடியில் மண் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். உங்கள் கவுண்டியிலேயே சாசல் ஊர்ப் பக்கம் ஸ்ட்ராபெர்ரி காலங்காலமாக விளைவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நீங்களும் இந்த அக்டோபரில் பூண்டு ஊன்றுங்கள். நடுத்தண்டு கெட்டியாக உள்ள வகையாகப் பாருங்கள். கடையில் விற்கும் மென்தண்டுப் பூண்டு வேண்டாம். பற்களை இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, மேலே வைக்கோல் பரப்பிவிட்டால் போதும். ஏப்ரல் கடைசியில் பனி உருகும்போது பச்சை முளை தானே எட்டிப் பார்க்கும், ஆகஸ்டில் அறுவடை.

தக்காளி இனி எப்படி? ஏப்ரல் நடுவில் வீட்டுக்குள் விதைத்து, ஜூன் இரண்டாம் வாரம் தாண்டியபின் நடுங்கள். நட்ட 55, 60 நாளில் பழுக்கும் வகைகளை மட்டும் எடுங்கள். ஸ்டூபிஸ் நல்ல வகை. பழம் சிறியது, ரசத்துக்கு அருமை. மண்ணில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பும், மேலே வளைவுக் கம்பிகளில் மெல்லிய பயிர்த்துணியும் போட்டுக்கொண்டால் கத்தரியும் காய்க்கும். மேகமில்லாத மாலைகளில் வெயில் தாழும் முன்பே மூடிவிட வேண்டும்; இரவு பத்து மணிக்கு ஓடிப் போய் மூடினால், மண்ணின் சூடு அதற்குள் போயிருக்கும்.

ஆப்பிள் கன்றுக்கு வருவோம். மான்மீது எனக்குச் சந்தேகம் இல்லை. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. பிடித்து இழுத்துத்தான் தின்னும், கடித்த நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். உங்கள் கன்றின் சிறு கிளை ஒன்றைப் பாருங்கள். கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் வழவழவென்று இருந்தால், அது முயல். முயல் எப்படி இடுப்பு உயரத்துக்கு எட்டியது என்று கேட்பீர்கள். மூன்று அடி பனியின்மேல் உட்கார்ந்து நிதானமாகத் தின்றிருக்கிறது! தரையை ஒட்டிப் பட்டை போயிருந்தால் அது பனிக்கு அடியில் வளை போடும் வயல் எலியின் வேலை.

பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் விட்டுவிடுங்கள், தானே மூடும். சுற்றிலும் போயிருந்தால் மேல்பாகம் தேறாது. ஆனால் காயம் இடுப்பு உயரத்தில் இருப்பது ஒருவகையில் அதிர்ஷ்டம்: காயத்துக்குக் கீழே, ஒட்டுக் கட்டிய முடிச்சுக்கு மேலே, இந்நேரம் துளிர்கள் வந்திருக்கும். திடமான ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே தண்டை வெட்டிவிடுங்கள். முடிச்சுக்குக் கீழே வரும் துளிரை நம்ப வேண்டாம். அது ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் கன்றின் ஜாதி, நீங்கள் வாங்கிய ஆப்பிள் அல்ல. அக்டோபருக்குள் ஒவ்வொரு கன்றுக்கும் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சுற்றி, அடியை இரண்டு அங்குலம் மண்ணில் புதையுங்கள். உயரம் ஐந்தரை அடியாவது வேண்டும், அதாவது பனியின் உயரத்துக்கு மேல் இன்னும் இரண்டு அடி. அமுங்கும் பனி தாழ்ந்த கிளைகளைக் கீழே இழுத்து முறிக்கும் என்பதால், கிளைகளை உயரத்தில் விட்டு வளர்ப்பது நல்லது.

முருங்கை தரையில் நிற்காது. தொட்டியில் கீரைக்கு மட்டும் வைத்து வெட்டி வெட்டி வளர்க்கலாம், காய்க்கு ஆசைப்படாதீர்கள். கறிவேப்பிலையையும் தொட்டியில் வையுங்கள். இரவு 10 டிகிரிக்கு இறங்கத் தொடங்கியதும், உங்கள் பள்ளத்தில் ஆகஸ்ட் கடைசியிலேயே, தெற்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். டிசம்பரில் இலை கொட்டினால் பதறித் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் ஒரு குவளை போதும்.