வாஷிங் மெஷின் கேள்வி பதில்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: ஃபிரன்ட் லோட் மெஷின் வாங்கி 6 வருஷம் ஆகிறது. போர் தண்ணீர்தான். இப்போது ஸ்பின் சுற்றும்போது மாவு மில் ஓடுகிற மாதிரி சத்தம். "பேரிங் போச்சு, புதுசு வாங்கிருங்க" என்கிறார் மெக்கானிக் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் என் தங்கச்சி வீட்டில் இதே மாடல் 11 வருஷமாக ஓடுகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், திசையன்விளை

பதில்: தங்கச்சி வீட்டில் தாமிரபரணித் தண்ணீராக இருக்கும், உங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர். வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுதான். டிரம்மின் பின்பக்க ஷாஃப்டை இரண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. தண்ணீர் அவற்றைத் தொடாமல் இருக்க முன்னால் ஒரு ரப்பர் ஆயில் சீல் உண்டு. போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சீலின் உதடு உரசுகிற இடத்தில் பொருக்காகப் படியும். உதடு தேய்ந்ததும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு துரு, அதன் பிறகு சத்தம். பின்மூடியைக் கழற்றினால் டப்பின் (டிரம்மைச் சுற்றியிருக்கும் வெளித் தொட்டி) நடுவிலிருந்து கீழே பழுப்புக் கோடு வழிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சீல் போய் வெகுநாளாகிவிட்டது.

பேரிங்தானா என்பதை நீங்களே சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, உள் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். டிரம்மும் வெளி டப்பும் சேர்ந்து ஆடினால் பயமில்லை, அது ஸ்பிரிங்கின் ஆட்டம். டிரம் மட்டும் தனியே ஏறி இறங்கினால் பேரிங். காலி டிரம்மைக் கையால் சுற்றும்போது கரகரத்தாலும் அதே கதைதான்.

ஆனால் உடனே மெஷினைத் தள்ளிவிட வேண்டாம். வெளி டப் இரண்டு பாதிகளாகப் போல்ட்டில் பூட்டியதா, பிரிக்க முடியாதபடி ஒட்டியதா என்று முதலில் கேளுங்கள். ஒட்டிய டப் என்றால் முழு டப்பையும் வாங்க வேண்டிவரும். 6 வயது மெஷினுக்கு அந்தச் செலவு வீண். போல்ட் டப் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஸ்பைடர். டிரம்மின் முதுகில் மூன்று காலோடு இருக்கும் அலுமினிய வார்ப்பு அது. உப்பும் சோப்பின் காரமும் சேர்ந்து அதை அரிக்கும். ஸ்குரூடிரைவரால் ஒரு காலைச் சுரண்டச் சொல்லுங்கள். பளபளவென்று உலோகம் தெரிந்தால் தைரியமாகப் பேரிங் மாற்றலாம். வெள்ளைப் பொடியும் செதிலுமாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள். அது ஒருநாள் ஸ்பின் வேகத்தில் உடைந்து டப்பையும் கிழிக்கும்.

மாற்றுவதாக இருந்தால் இரண்டு பேரிங்கும் ஆயில் சீலும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய சீலையே திரும்பப் போட்டுத் தருகிறவர்களிடம் வேலை கொடுக்காதீர்கள். 6205, 6206 எண்கள் பல மாடல்களில் வரும். ஆனாலும் கழற்றிய பேரிங்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது.

இனிமேலாவது மெஷினுக்கு மட்டும் நல்ல தண்ணீர் லைனைக் கொடுக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் முழுச் சுற்று ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடர் எதையும் சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும்.

கேள்வி: செமி ஆட்டோமேட்டிக்கில் வாஷ் நன்றாக ஓடுகிறது. ட்ரையர் மட்டும் 'உம்'மென்று உறுமிக்கொண்டு சுற்ற மறுக்கிறது. மோட்டார் போய்விட்டதா?
– வாசகி, களக்காடு

பதில்: உறுமுகிறது என்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ட்ரையர் கூடையைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூடி திறந்திருந்தால் பிரேக் பிடித்திருக்கும், அதனால் வேறொருவரை மூடியின் சுவிட்ச் நெம்பை அழுத்தச் சொல்லிவிட்டுச் சுற்ற வேண்டும்.

லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டர், அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடும் பாகம், போயிருக்கும். பழையதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அளவில் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். மோட்டார் சூடேறிக் காயில் கருகும். கழற்றும் முன் கெப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும் என்பதை மெக்கானிக்கே சில நேரம் மறந்துவிடுவார்.

இறுக்கமாக இருந்தால் முதலில் கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கைக்குட்டை, சாக்ஸ், குழந்தை ஜட்டி இவைதான் பாதிப் பிரச்சினை. ஒன்றும் இல்லையென்றால் பிரேக் வயர். மூடியை மூடும்போது இந்த வயர் இழுத்து, மோட்டார் மேலிருக்கும் பிரேக் கட்டையை விலக்க வேண்டும். நாளாக நாளாக வயர் தொய்ந்து கட்டை முழுதாக விலகாது. மோட்டார் உறுமும், ரப்பர் கருகிய வாடை வரும். வயரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினாலே சரியாகிவிடும்.

உறுமலே இல்லை என்றால் மூடி சுவிட்ச், டைமர், இல்லையேல் எலி கடித்த வயர். நம் பக்கத்து வீடுகளில் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே வலை அடித்தால் அந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: பழைய எல்ஜி மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. "4 வருஷம்தான் ஆச்சு" என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்த இரண்டும் மாதம். 703 என்றால் 2017 மார்ச். 2007 ஆகவும் இருக்கலாம்; உருவத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். ஸ்டிக்கரைக் கிழித்திருந்தால் பேரத்தைக் கிழித்துவிடுங்கள். மற்றபடி தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிஷம் ஒழுகுகிறதா பார்த்து, ஈரத் துணியோடு ஒருமுறை முழு ஸ்பின் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஃபிரன்ட் லோட் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. காயவைத்து ஓட்டினோம், ஓடியது. இப்போது சில நாளில் மட்டும் வீட்டு இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது.
– வாசகி, திருநெல்வேலி ஜங்ஷன்

பதில்: ஃபிரன்ட் லோடில் மோட்டார், டிரெய்ன் பம்ப், ஹீட்டர் மூன்றும் கீழேதான். சேற்றுத் தண்ணீர் வடிந்தாலும் இணைப்பு முனைகளில் உப்பும் துருவும் தங்கிவிடும். 'சில நாளில்' என்கிறீர்களே, அந்த நாட்களில் வெந்நீர் வாஷ் போட்டீர்களா என்று யோசியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஓட்டினால் விழாமல், வெந்நீர் வாஷில் தண்ணீர் நிரம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்தால் ஹீட்டரில் மின்கசிவு. ஹீட்டரை மாற்றினால் போதும். பிளக்கைச் சொருகி சுவிட்ச் போட்டதுமே விழுந்தால் உள்ளே நுழையும் வயரிங் அல்லது நாய்ஸ் ஃபில்டர். ஸ்பின்னில் விழுந்தால் மோட்டார். மோட்டாரும் கண்ட்ரோல் போர்டும் சேர்ந்து போயிருந்தால் மாற்றிவிடுவதே மேல். எதுவானாலும் இ.எல்.சி.பி.யை பைபாஸ் செய்துவிட்டு ஓட்டாதீர்கள். எர்த்தையும் சோதியுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணி எடுக்கிற வேலை இது.

கேள்வி: சாரல் காலத்தில் துணி காய்வதே இல்லை. வாஷர் ட்ரையர் வாங்கலாமா? உழைக்குமா?
– வாசகி, தென்காசி

பதில்: இரண்டும் ஒன்றில் இருக்கிற மெஷினை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 8 கிலோ துவைக்கும், ஆனால் 5 கிலோ அளவுதான் காயவைக்கும். மீதித் துணியை வெளியே எடுத்துவிட வேண்டும். முழுச் சுற்றுக்குப் பல மணி நேரம். ஹீட்டர், காற்றாடி, தெர்மோஸ்டாட் என்று கெட்டுப்போகக் கூடுதல் உறுப்புகள். ஈரமான பஞ்சுத் தூசி காற்றுப் பாதையில் அப்பிக்கொண்டால் துணி காயாது, சூடு மட்டும் ஏறும். 16 ஆம்ப் பிளக்கும் வேண்டும். வருஷத்தில் மூன்று மாதத்துக்கு, நிமிஷத்துக்கு 1200 சுற்று வேகத்தில் இன்னொரு ஸ்பின் கொடுத்து, தார்சாவில் ஃபேன் காற்றில் போடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் தனி ட்ரையராக வாங்கி, ஒவ்வொரு தடவையும் பஞ்சு வலையைத் துடையுங்கள்.

கேள்வி: டாப் லோடில் தண்ணீர் நிரம்ப அரைமணி நேரம் ஆகிறது. வால்வு மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், வள்ளியூர்

பதில்: வால்வை மாற்றும் முன் இன்லெட் பைப்பைக் கழற்றி, வால்வின் வாயிலுள்ள சின்ன வலையைக் குறடால் இழுத்தெடுத்து பிரஷ்ஷால் தேயுங்கள், மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். அது சுத்தமாக இருந்தும் மெதுவாக வந்தால் மேல்தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். 1 மீட்டர் உயரம் ஏறக்குறைய 0.1 பார் அழுத்தம்தான் தரும். பல மெஷின்கள் 0.3 பார் கேட்கும், அதாவது தொட்டித் தண்ணீர் மட்டம் வால்வுக்கு மேல் 3 மீட்டர் இருக்க வேண்டும். மொட்டை மாடியிலேயே மெஷினை வைத்திருந்தால் பிரஷர் பம்ப் வைத்தாக வேண்டும். எந்த வால்வை மாற்றினாலும் வேகம் வராது.