பார்த்திராத பங்காளி வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

தரங்கம்பாடிக்கு அருகே லுத்தரன் சபையில் வளர்ந்தவன் நான். வரும் ஜனவரியில் தான்சானியாவின் மோஷி பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாண்டுகள் கணிதம் கற்பிக்கப் போகிறேன். நீங்கள் அங்கே ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். வேலையைப் பற்றிப் பயமில்லை. ஐக்கியம் இல்லாமல் வாடிவிடுவேனோ என்றுதான் பயம். ஞாயிறுதோறும் நம் சபை ஆராதனையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள். ஊழியத்துக்குப் போகிறவனுக்கு அது போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போதாது. முதல் ஞாயிறே கைபேசியை அறையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். ஆராதனை சுவாகிலியில் இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும், ஒன்றும் புரியாது. ஆனால் பாட்டு எடுத்ததும் நிமிர்ந்து உட்காருவீர்கள். நம் ஞானப்பாட்டுகளின் பழைய ஜெர்மானிய ராகங்கள் சில அவர்களுடைய பாட்டுப் புத்தகத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் 1840களிலிருந்து ஊழியம் செய்த ஜெர்மனியின் லைப்சிக் மிஷன்தான் 1893இல் மோஷிக்கு மேலே கிளிமஞ்சாரோ மலைச் சரிவில் வாழும் 'சாகா' (Chagga) இன மக்களிடமும் போனது. பார்த்திராத பங்காளி வீட்டுக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

அவர்களுக்கு அது சட்டென்று தெரியாது. அங்கே இந்தியர் என்றால் கடைக்காரர், அவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பார் என்பது பழகிப்போன எண்ணம். "ப்வானா அசிஃபிவே" என்று நான் முதன்முறை சொன்னபோது ஒரு பாட்டி என் கையை விடவேயில்லை. நம் 'ஸ்தோத்திரம்' போன்ற வாழ்த்து அது. "ஆமினா" என்று பதில் வரும்.

ஆராதனை முடிந்ததும் போய்விடாதீர்கள். காசு இல்லாதவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த முட்டை, வாழைத்தார், கோழி எல்லாம் வாசலில் ஏலத்துக்கு வரும். திருநெல்வேலிச் சீமையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலம் அங்கே ஞாயிறுகளில் சாதாரணமாக நடக்கிறது. நான் முதல் மாதம் முழுவதும் ஓரமாக நின்று பார்த்தேன். அது தவறு. ஏலம் கேளுங்கள், வாங்குங்கள், வாங்கியதை ஒரு முதியவர் கையில் கொடுங்கள்.

சபையின் உயிர் 'ஜுமுயா'வில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டார் வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். உங்கள் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். விருந்தாளிக்கென்று ஒரு நல்ல நாற்காலி போடுவார்கள். சில வாரங்களில் அதைவிட்டு இறங்கி பெஞ்சுக்கு வந்துவிடுங்கள். நாற்காலியிலேயே இருந்தால் கொடுக்க வந்தவராக மட்டுமே உங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு உதவிக்கும் உங்களிடம்தான் வருவார்கள், அதில் உங்களுக்கும் கசப்பு சேரும். அங்கிருந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் சிலர் அப்படிக் கசந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஊரில் என் அம்மா இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அன்று மாலை ஜுமுயா முழுவதும் என் வீட்டுக்கு வந்தது. "போலே" என்ற ஒரு சொல்லை ஒவ்வொருவரும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்தச் சொல்லுக்கு 'உன் வருத்தம் எனக்கும்' என்று பொருள் கொள்ளலாம். ஒருவர் ம்தோரி கொண்டுவந்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் வாழைக்காய், இறைச்சிச் சாறு அது. பிறகு பெரியவர் ஒருவர் பட்டியலை வாசித்து 'ரம்பிரம்பி' பணத்தை நீட்டினார். துக்க வீட்டுக்கு எல்லாரும் போடும் பணம். என் மாணவனின் தாய், சந்தையில் தக்காளி விற்பவர், அவர் பெயரும் அதில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அறை மௌனமாகிவிட்டது. "எங்கள் வீட்டுச் சாவுக்கு நீங்கள் போட்டதை நாங்கள் வாங்கினோமே, ஆசிரியரே" என்றார் அந்தத் தாய்.

வாங்கிக்கொண்டேன். ஊழியம் என்று நான் அதுவரை நினைத்திருந்ததில் வாங்கிக்கொள்வதற்கு இடமே இருந்ததில்லை. அந்த இடத்தை இப்போதே வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஞானப்பாட்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக்குள் சுவாகிலியில் எண்களையாவது படித்துவிடுங்கள், முதல் ஞாயிறு ஏலத்திலேயே தேவைப்படும்.