டர்பனில் இரண்டு ஆளை வைத்து நில அளவை வேலை செய்கிறேன். ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷன் வாங்கினால் ஓர் ஆள் சம்பளம் மிச்சமாகுமா? எதைப் பார்த்து வாங்குவது?

மிச்சமாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்க வருகிறவர் முதலில் காட்டுவதே அந்தச் சம்பளக் கணக்கைத்தான்.

திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாக டர்பனில் இந்த வேலையில் இருக்கிறேன். டோட்டல் ஸ்டேஷன் என்றால் கோணத்தையும் தூரத்தையும் அளக்கிற கருவி. ரோபோட்டிக் என்றால், கம்பத்தில் ஒளியைத் திருப்பி அனுப்புகிற பிரிசத்தை அதுவே திரும்பித் திரும்பிப் பின்தொடரும். அதை வாங்கி ஏழு வருடம் ஆகிறது. கருவி முக்காலியில் நிற்கும், நான் பிரிசக் கம்பத்தோடு 200 மீட்டர் தள்ளி இருப்பேன். ஒரு நல்ல பக்கி விலை பெறுகிற சாமானை இந்த ஊரில் சாலையோரம் தனியாக விட முடியுமா? (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. நம்மூர் அர்த்தம் வேறு, தெரியும்.) அதனால் முன்பு கருவிக்குப் பின்னால் நின்ற ஜூலுத் தம்பி இன்றும் அங்கேதான் நிற்கிறார். தொலைநோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதற்குப் பதில் கருவிக்குக் காவல் இருக்கிறார், அடுத்த பெக்குகளை (தரையில் அடிக்கிற குறி முளைகளை) எடுத்து வைக்கிறார். சம்பளம் அதே சம்பளம்.

அப்படியென்றால் எதற்கு வாங்கினேன்? வேகத்துக்காக. முன்பு அவர் கருவியில் பார்த்து "இடது, இன்னும் இடது, நில்" என்று எனக்கு ரேடியோவில் கத்திக் கொண்டிருப்பார். இப்போது கம்பத்தில் இருக்கிற கண்ட்ரோலரிலேயே எவ்வளவு தள்ள வேண்டும் என்று தெரிகிறது. செட்டிங் அவுட் (வரைபடத்துப் புள்ளிகளைத் தரையில் குறிப்பது) வேலையில் பெக் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது. உங்கள் வேலையில் பாதிக்கு மேல் கட்டடம், சாலை என்று செட்டிங் அவுட்டாக இருந்தால் வாங்குங்கள். எல்லைக் கல் தேடுவதும் திறந்தவெளி அளவுமே அதிகம் என்றால் செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடம் காணும் ஜிஎன்எஸ்எஸ் ரிசீவர் போதும். அதைத் திருத்த உதவும் அரசின் ட்ரிக்நெட் நிலையங்களின் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. டொங்காட், வெருலம் பக்கம் கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும்போது எந்த டோட்டல் ஸ்டேஷனுக்கும் பார்வைக் கோடு கிடைக்காது, ரோபோட்டிக்காக இருந்தாலும் சரி.

வாங்குவது என்று முடிவானால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற கோணத் துல்லியத்தில் மயங்காதீர்கள். இங்கே விநாடி என்பது நேரமில்லை, பாகையில் 3,600-இல் ஒரு பங்குக் கோணம். 5 விநாடிக் கருவி 100 மீட்டரில் 2.4 மில்லிமீட்டர் பிசகும், 2 விநாடிக் கருவி 1 மில்லிமீட்டர். ஆனால் 2 மீட்டர் உயரத்தில் பிரிசம் இருக்கிற கம்பம் 10 நிமிடக் கோணம் சாய்ந்தாலே 6 மில்லிமீட்டர் போய்விடும். கம்பம் நேராக நிற்கிறதா என்று காட்டும் குமிழியைச் சரிபார்க்காதவருக்கு 1 விநாடிக் கருவி எதற்கு? எனக்கு 3 விநாடி போதுமாக இருக்கிறது. பாலம், அணை நகர்வு கண்காணிப்பு என்று போகிறவர்கள் கதை வேறு.

நான் கவனமாகப் பார்ப்பது பின்தொடர்தலைத்தான். பெரும்பாலான கருவிகள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் பிரிசத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிரிசம் மட்டுமா ஒளியைத் திருப்பும்? வேலையாட்களின் மஞ்சள் அங்கியில் இருக்கிற பட்டை, லாரியின் நம்பர் பிளேட், பக்கத்துக் கான்ட்ராக்டரின் பிரிசம், எல்லாமே திருப்பும். நெரிசலான சைட்டில் ஒரு லாரி குறுக்கே போனதும் கருவி அதன் பின்னாலேயே போய்விட்ட நாட்கள் உண்டு. டிரிம்பிளில் தானே ஒளி விட்டு "நான்தான்" என்று அடையாளம் சொல்கிற பிரிசம் கிடைக்கிறது. கூட்டமான இடத்தில் அது பெரிய நிம்மதி, ஆனால் அதற்கும் பேட்டரி போட வேண்டும். லைக்காவில் பிரிசத்தைத் தொலைத்தால் ஒரு சுற்றுச் சுற்றித் தேடுகிற வசதி வேகமானது. டாப்கான், சோக்கியா கருவிகளும் நல்லவைதான், நான் அவற்றில் நாள் கணக்கில் வேலை செய்ததில்லை.

ஒரு முறை சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மதிலுக்காக அளந்து கொண்டிருந்தேன். கருவி தானாகத் தலையைத் திருப்பித் திருப்பி என்னையே பார்ப்பதைக் கண்ட ஓர் ஆன்ட்டி, "கேமரா வைத்து யாரைத் தம்பி பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று புடவையைச் சரிசெய்துகொண்டார்.

இனி நான் கோட்டை விட்ட கதை. வாங்கிய மூன்றாம் மாதம். லைக்கா அமைப்பில் சாதாரண வட்டப் பிரிசத்துக்கு மாறிலி (அளந்த தூரத்தில் சேர்க்க வேண்டிய திருத்தம்) 0, 360 பாகைப் பிரிசத்துக்கு +23.1 மில்லிமீட்டர். காலையில் வட்டப் பிரிசத்தில் பின்நோக்கு (தெரிந்த புள்ளியைப் பார்த்துக் கருவியின் திசையைப் பொருத்துவது) எடுத்தேன். அப்புறம் கம்பத்தில் 360 பாகைப் பிரிசத்தை மாட்டிக்கொண்டு, கண்ட்ரோலரில் மாற்ற மறந்து, ஆங்கர் போல்ட்டுகளைக் குறித்தேன். எல்லாமே பார்வைக் கோட்டின் திசையில் 23 மில்லிமீட்டர் தள்ளி. கான்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை டேப் பிடித்துப் பார்த்த ஃபோர்மன் கண்டுபிடித்தார். அவருக்கு இன்றுவரை பிரியாணி கடன் பட்டிருக்கிறேன். இப்போது பிரிசம் மாறினால் தெரிந்த ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்க்காமல் வேலை தொடங்குவதில்லை. பழைய பிராண்டின் பிரிசத்தைப் புதுக் கருவியோடு சேர்க்க நினைத்தாலும் இந்த மாறிலியை மறக்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது.

இன்னொன்று, காற்றழுத்தம். கருவி ஒளியால்தான் தூரத்தை அளக்கிறது, அழுத்தம் மாறினால் ஒளியின் வேகமும் கொஞ்சம் மாறும். டர்பன் கடல் மட்டம், ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்பன் அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டு அங்கே போய் அளந்தால் கிலோமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் அளவுக்குத் தூரம் தவறும். சில கருவிகளில் அழுத்தத்தை உணரும் சென்சார் உள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு மேட்டுநிலத்திலும் வேலை வரும் என்றால் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மென்பொருளைப் பற்றி இந்த நாட்டுக்கே உரிய ஒரு விஷயம். இங்கே ஆயத்தொலைவுகளில் எக்ஸ் தெற்கே கூடும், ஒய் மேற்கே கூடும், திசைக் கோணம் தெற்கிலிருந்து தொடங்கும். டர்பனுக்கு லோ 31, அதாவது 31-ஆம் தீர்க்கரேகையை நடுவாக வைத்த பட்டை. அந்த 31-ஆம் தீர்க்கரேகை நகரத்துக்குள்ளேயே ஓடுவதால் ஒரே நகரத்தில் மேற்குப் பக்கம் ஒய் பிளஸ், கிழக்குப் பக்கம் மைனஸ். வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்கிய கண்ட்ரோலரில் இந்த முறையும் ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94 என்கிற இந்த நாட்டு ஆயத்தொலைவு அமைப்பும் ஒழுங்காக இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் வரைபடம் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்த்தது போலவோ திரும்பி நிற்கும்.

பழைய கருவி வாங்குவது தப்பில்லை. சீரியல் எண்ணை முதலில் டீலரிடம் கொடுத்துத் திருட்டுச் சாமானா என்று கேட்டுவிடுங்கள். மோட்டார் சுற்றும்போது சத்தம் மாறுகிறதா, இடமுகத்திலும் வலமுகத்திலும் (தொலைநோக்கியைப் புரட்டி இரண்டு பக்கமாகவும்) தானாகப் பிடித்த அளவு ஒத்துப்போகிறதா, இரண்டையும் பாருங்கள். பிராண்ட் எது என்பதைவிட, அதைப் பிரித்துச் சரிசெய்கிற பெஞ்ச் டர்பனில் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு முறை என் கருவி வேறு ஊருக்குப் போய் ஐந்து வாரம் கழித்து வந்தது. அந்த ஐந்து வாரமும் பழைய டோட்டல் ஸ்டேஷனைத் தூசி தட்டி, தம்பியை மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி ஓட்டினேன். அதனால் இப்போது உங்களிடம் இருப்பதை விற்றுவிடாதீர்கள்.

டீலரிடம் இரண்டு நாள் இரவல் கேளுங்கள். தருவார்கள். ஷோரூம் வாசலில் நின்று பார்க்காமல், உங்களுக்கு அதிகத் தொல்லை கொடுக்கிற சைட்டுக்கு எடுத்துப் போய், லாரி போகிற நேரத்தில் பிரிசத்தோடு நடந்து பாருங்கள்.